எந்த ஊரில் செல்லும் இந்தச் சான்று? பொறியியல் சேர்க்கையும் சர்வதேச அங்கீகாரமும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்து பத்து நாட்களுக்குள் மூன்று குடும்பங்கள் என்னைத் தேடி வந்துவிட்டன. காரைக்குடியில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் இப்படி வருவார்கள். இம்முறை மூவரும் கொண்டுவந்தது ஒரே கேள்வி: "சர்வதேச அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்று சொல்கிறார்கள், சார். அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?"

தேவகோட்டைக்காரர் தம் மகனைச் சிவில் படிக்கவைத்து, தாம் இருபது ஆண்டுகள் உழைத்த வளைகுடாவுக்கே பொறியாளராக அனுப்ப நினைக்கிறார். புதுவயலில் அரிசி ஆலையில் கணக்கெழுதும் ஒருவரின் மகளுக்குச் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த புதிய பிரிவின் மீது ஆசை. கானாடுகாத்தான் ஆச்சியின் பேரன் மின்னியல் படிக்கப்போகிறான். அவனுடைய தாய்மாமன் மெல்போர்னில் இருக்கிறார், படித்து முடித்ததும் வந்துவிடு என்கிறார். கேள்வி ஒன்றாக இருந்தாலும் மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்பதை விரிவாக எழுதினால் இன்னும் பலருக்கு உதவும் என்று தோன்றியது.

நம் ஊருக்கு இந்த விஷயம் புதியதன்று. தேவகோட்டையில் எழுதிய உண்டியலுக்கு (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும் என்று எழுதித்தரும் தாள்) ரங்கூனில் பணம் கொடுத்தார்கள். தாளில் கையெழுத்திட்டவரை அங்கே இருந்த கடைக்குத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். கையெழுத்தை அறியாத ஊரில் அதே உண்டியல் வெறும் தாள். தர அங்கீகாரமும் அப்படித்தான். யார் கையெழுத்திட்டார்கள், அந்தக் கையெழுத்தை எந்த ஊர் மதிக்கிறது என்று பார்க்காமல் "சர்வதேசம்" என்ற ஒரு சொல்லுக்குப் பணம் கட்டக் கூடாது.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

கல்லூரி விளம்பரங்களில் எல்லாமே "அங்கீகாரம்" என்ற ஒரே சொல்லாக வருவதால்தான் பாதிக் குழப்பம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தருவது கல்லூரி நடத்துவதற்கான ஒப்புதல். அண்ணா பல்கலைக்கழகம் தருவது இணைவு. இவ்விரண்டும் அடிப்படை, பெருமை பேசுவதற்கு உரியவை அல்ல. தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவான நாக் செய்யும் மதிப்பீடு முழு நிறுவனத்தையும் பார்த்துத் தரும் தரநிலை. ஐ.எஸ்.ஓ. சான்று நிர்வாக நடைமுறைக்கானது. அதைக் காட்டி எந்த நாட்டிலும் பொறியாளராகப் பதிவு செய்ய முடியாது.

நாம் பேசப்போவது பாடப்பிரிவுக்குத் தரப்படும் தர அங்கீகாரம். இந்தியாவில் இதை வழங்குவது தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. 1994இல் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் தொடங்கி, 2010இல் தன்னாட்சி பெற்ற அமைப்பு இது. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்வது ஏபெட். இவ்விரண்டும் கல்லூரியை மொத்தமாக அங்கீகரிப்பதில்லை. சிவிலுக்கு இருக்கும், அதே கட்டடத்தின் மேல்மாடியில் நடக்கும் வேறொரு பிரிவுக்கு இருக்காது. நுழைவாயில் பலகையில் "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருந்தால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவதும் முக்கியமானதும், எந்த மேசையில் இந்தச் சான்றைக் காட்டப்போகிறோம் என்பது. விசா புதுப்பிக்கும் அலுவலகமா, குடிபெயர்வு மதிப்பீடா, பொறியாளர் உரிம வாரியமா, மேற்படிப்புச் சேர்க்கையா, மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலா? ஒவ்வொரு மேசையும் கேட்பது வேறு.

இரண்டாவது, பிரிவும் ஆண்டும். பிள்ளை பட்டம் பெறும் ஆண்டில் அந்தப் பிரிவின் அங்கீகாரம் நடப்பில் இருக்க வேண்டும். என்.பி.ஏ. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கோ ஆறு ஆண்டுகளுக்கோ தருகிறது. படிப்போ நான்கு ஆண்டுகள். சேரும்போது இருந்த அங்கீகாரம் முடிக்கும்போது காலாவதியாகியிருக்கலாம்.

மூன்றாவது, முழுச் செலவு. கல்விக் கட்டணம் மட்டுமன்றி விடுதி, கடன் வட்டி, கைவிட்டுப்போகும் அரசுச் சலுகைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஐந்தொகை எடுக்க வேண்டும்.

நான்காவதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. பிள்ளை வெளிநாடு போகவே இல்லையென்றால் இந்தச் சான்றால் என்ன மிஞ்சும்?

## ஒப்புதலும் இணைவும் மட்டும் உள்ள பிரிவு

இதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்குள் அரசுத் தேர்வுகளுக்கும், கேட் மதிப்பெண் வழியாகப் பொதுத்துறை நிறுவனங்களில் சேர்வதற்கும், எம்.இ. படிப்பதற்கும் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத்தான். பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. மென்பொருள் நிறுவனங்களும் பார்ப்பதில்லை.

ஆனால் பட்டத்தைப் பொறியாளர் என்ற பதவிப்பெயருடன் கட்டிவைத்திருக்கும் நாடுகளில் இதன் மறைமுகச் செலவு பல ஆண்டுகள் கழித்து வரும். என் அண்ணன் மகன் விஷயத்தில் அதை நேரில் பார்த்தேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் குவைத்தில் நல்ல நிறுவனத்தில் பொறியாளராக இருந்தான். 2018இல் அங்கே ஒரு விதி வந்தது. பொறியாளர் என்ற பெயரில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இந்தியப் பட்டங்களுக்கு அந்தச் சங்கம் அளவுகோலாக எடுத்துக்கொண்டது என்.பி.ஏ. பட்டியலை. ஆயிரக்கணக்கான இந்தியப் பொறியாளர்கள் ஒரே நேரத்தில் தம் பழைய கல்லூரிகளுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்கள். இவன் படித்த கல்லூரிக்கு அவன் படித்த காலத்தில் அங்கீகாரம் இல்லை, பிறகுதான் வந்தது. கடிதம் கேட்டுப்போன என்னிடம் அலுவலகத்தில், "இப்போது இருக்கிறதே, அது போதாதா?" என்றார்கள். போதவில்லை. வேலையை இழக்காமல் இருக்க அவன் அனுமதிச் சீட்டில் "பொறியாளர்" என்பதை மேற்பார்வையாளர் என்று மாற்றிக்கொண்டான். செய்யும் வேலை மாறவில்லை. பெயர் போயிற்று, அதோடு பின்னால் வரவேண்டிய பதவி உயர்வும் போயிற்று. அன்று அவன் பேசிய குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் இவ்வளவு வலியுறுத்தி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே உள்நாட்டில் வேலை, அரசுப்பணி, மென்பொருள், சொந்தத் தொழில் என்ற திட்டமிருந்தால் இது போதும். சிவில், மெக்கானிக்கல், மின்னியல் படித்து, குவைத்தைப் போல இப்படி விதி உள்ள நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் போதாது.

## என்.பி.ஏ. இரண்டாம் அடுக்கு

பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே பின்பற்றும் இணைவுக் கல்லூரிகளின் பிரிவுகளுக்கு என்.பி.ஏ. தருவது இரண்டாம் அடுக்கு அங்கீகாரம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் மேசைகளில் இது உதவும். கட்டணத்தில் பெரிய வேறுபாடும் இல்லை. 2017இல் தமிழகக் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு வைத்த தொகை, அங்கீகாரம் இல்லாத பிரிவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் உள்ளதற்கு 55,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து வேறுபாடு 20,000 ரூபாய்தான். கலந்தாய்வில் ஏறக்குறைய சமமான இரண்டு கல்லூரிகள் கிடைத்தால், இந்தத் தொகைக்கு அங்கீகாரம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு கணமும் தயங்கமாட்டேன்.

ஆனால் இதை "வாஷிங்டன் ஒப்பந்த அங்கீகாரம்" என்று யாராவது சொன்னால் அது தவறு. அடுத்த பகுதியில் காரணம் வருகிறது.

## என்.பி.ஏ. முதல் அடுக்கு

1989இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் செய்துகொண்டது வாஷிங்டன் ஒப்பந்தம். நீ அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை நான் என் நாட்டின் பட்டத்துக்கு இணையாக ஏற்கிறேன், நான் அங்கீகரித்ததை நீ ஏற்றுக்கொள் என்பதுதான் இதன் சாரம். பின்னர் பல நாடுகள் சேர்ந்தன. 2014 ஜூன் 13 அன்று இந்தியா என்.பி.ஏ. மூலமாக முழு உறுப்பினரானது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. முதல் அடுக்கு நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட பிரிவுகளுக்கு மட்டுமே ஒப்பந்தம் பொருந்தும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., பல்கலைக்கழகங்கள், தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகள் போன்றவை இந்த அடுக்கில் விண்ணப்பிக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றாலே முதல் அடுக்கு அங்கீகாரம் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. விண்ணப்பித்திருக்க வேண்டும், ஆய்வில் தேறியிருக்க வேண்டும்.

இதன் பயன் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். குடிபெயரும் பொறியாளரின் தகுதியை எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு மதிப்பிடுகிறது. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பட்டம் இருந்தால் அதற்கென்று நேரான வழி உண்டு. இல்லாவிட்டால் திறன் விளக்க அறிக்கை எழுத வேண்டும். தாம் செய்த மூன்று பணிகளைத் தனித்தனியே, ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள் வரை, தம் பங்கு எது என்று தெளிவாக எழுதி, தொடர்கல்விப் பட்டியலும் திறன் சுருக்கமும் இணைக்க வேண்டும். மதிப்பீட்டுக் கட்டணமும் கூடும். பிறர் எழுதியதை நகலெடுத்தால் விண்ணப்பமே வீணாகும். கடினமான வழிதான். ஆனாலும் அங்கே கதவு அடைக்கப்படவில்லை, சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். குவைத்தில் நடந்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், கலந்தாய்வு வழியாகச் சேரும் தன்னாட்சிக் கல்லூரியில் பெரிதாக எதுவும் இல்லை. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பினால் விடுதிச் செலவு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசே ஏற்கும் கட்டணமும் கலந்தாய்வு வழியில் அப்படியே இருக்கும். இந்தக் காரணத்தால்தான், வெளிநாட்டு எண்ணம் ஓரளவாவது உள்ள சிவில், மெக்கானிக்கல், மின்னியல், வேதிப் பொறியியல் மாணவர்களுக்கு என் முதல் பரிந்துரை இது.

## ஏபெட்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். 1932இல் அமெரிக்காவில் வேறு பெயரில் தொடங்கிய பழைமையான, மதிப்புமிக்க அமைப்பு. 2007 முதல் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள படிப்புகளையும் அங்கீகரிக்கிறது. தமிழகத்தில் இதைப் பெற்றவை பெரும்பாலும் கட்டணம் அதிகமான தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பெறுவது எளிதன்று, அந்த உழைப்பை மதிக்கிறேன்.

இங்கே பெற்றோர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஏபெட் வாஷிங்டன் ஒப்பந்த உறுப்பினர் என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தம் ஒவ்வோர் உறுப்பினரும் தம் நாட்டு எல்லைக்குள் அங்கீகரித்த படிப்புகளுக்கே பொருந்தும். அமெரிக்காவில் உள்ள கல்லூரிக்கு ஏபெட் தந்தது ஆஸ்திரேலியாவில் செல்லும். தமிழ்நாட்டில் உள்ள கல்லூரிக்கு ஏபெட் தந்தது, ஒப்பந்தத்தின் பெயரால் ஆஸ்திரேலியாவில் செல்லாது. தமிழ்நாட்டுப் பட்டத்துக்கு அந்த மேசையில் கையெழுத்திட வேண்டியது என்.பி.ஏ.தான். கானாடுகாத்தான் ஆச்சியிடம் இதைச் சொன்னதும், "அப்படியானால் விலை கூடினது அங்கே செல்லாது, விலை குறைந்தது செல்லுமா?" என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை, ஆம்.

அப்படியானால் ஏபெட் எங்கே பலன் தரும்? அமெரிக்காவில். அங்கே மாநிலந்தோறும் உரிம வாரியங்கள் இருக்கின்றன. பாலம், கட்டடம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றின் வரைபடங்களில் பொறுப்பேற்றுக் கையெழுத்திடத் தொழில்முறைப் பொறியாளர் உரிமம் வேண்டும். அதற்கு ஏபெட்டின் பொறியியல் குழு அங்கீகரித்த பட்டம் நேர்வழி. மற்ற பட்டக்காரர்கள் தம் படிப்பைப் பாடம் பாடமாக மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும், சில மாநிலங்களில் கூடுதல் அனுபவமும் காட்ட வேண்டும். ஏபெட்டுக்குள் பொறியியல், பொறியியல் தொழில்நுட்பம், கணினி, பயன்பாட்டு அறிவியல் என்று நான்கு குழுக்கள் இருப்பதையும் நினைவில் வையுங்கள். உரிமத்துக்குப் பேசுவது பொறியியல் குழுவின் அங்கீகாரம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இருப்பது மென்பொருளில். அங்கே உரிமமே கிடையாது. எம்.எஸ். சேர்க்கையில் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், ஆய்வு அனுபவம் ஆகியவைதான் பேசும். ஆகவே ஏபெட்டின் முழுப் பயனையும் அடைவது, அமெரிக்காவில் சிவில் அல்லது அதை ஒட்டிய துறையில் உரிமம் பெறப்போகும் சிறு கூட்டம்.

இதற்கான செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கலந்தாய்வுக் கல்லூரியைவிட ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டுகளில் 8 லட்சம். அதைக் கடனாக வாங்கினால், 10 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வட்டி மட்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கலந்தாய்வில் இல்லாததால், மேலே சொன்ன முதல் தலைமுறைச் சலுகையும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் போய்விடும். நல்ல ஆசிரியர்கள், ஆய்வகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்காக அந்தத் தொகையைக் கொடுப்பது ஒரு முடிவு, அதை நான் குறை சொல்லவில்லை. ஏபெட் என்ற சொல்லுக்காக மட்டும் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

## இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடத்தும் படிப்பில், பட்டத்தை அந்த நாட்டுப் பல்கலைக்கழகமே அங்கே வழங்கினால், அந்நாட்டு அங்கீகாரம் அதற்குக் கிடைக்கலாம். அதற்கு விலை இரண்டு ஆண்டுகளின் அந்நியச் செலாவணி. ரூபாயின் மதிப்பு இடையில் சரிந்தால் அந்தச் சுமையும் நம் தலையில்தான். வசதியும், அந்த நாட்டில் தங்கும் உறுதியும் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்.

டிப்ளமோ மாணவர்களுக்கு ஒரு சொல். வாஷிங்டன் ஒப்பந்தம் நான்கு ஆண்டுப் பட்டத்துக்கானது. டிப்ளமோவுக்கு என்.பி.ஏ. இருந்தாலும் அந்த ஒப்பந்தம் பொருந்தாது. நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும்போது எந்தப் பிரிவில் சேர்கிறீர்களோ அதன் அங்கீகாரத்தைப் பாருங்கள்.

## மேசைவாரியாக

| எங்கே காட்டப்போகிறோம் | அங்கே எடைபெறுவது | அது இல்லாவிட்டால் |
|---|---|---|
| குவைத், பொறியாளர் பதவிப்பெயர் | என்.பி.ஏ. அங்கீகாரம் | பதவிப்பெயரே சிக்கலாகும் |
| ஆஸ்திரேலியா, குடிபெயர்வு மதிப்பீடு | என்.பி.ஏ. முதல் அடுக்கு | திறன் விளக்க அறிக்கை, கூடுதல் கட்டணம் |
| அமெரிக்கா, பொறியாளர் உரிமம் | ஏபெட் பொறியியல் குழு | பட்ட மதிப்பீடு, சில மாநிலங்களில் கூடுதல் அனுபவம் |
| மென்பொருள் வேலை, எந்த நாடும் | திறமை, பட்டம் | பாதிப்பில்லை |
| சிங்கப்பூர், வேலை அனுமதி | சம்பளம், கல்வி நிறுவனத்தின் பெயர், பட்டம் | பாதிப்பில்லை |
| ஜெர்மனி, முதுநிலைப் படிப்பு | கல்வி நிறுவனத்தின் தகுதிநிலை, ஏ.பி.எஸ். சான்று (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது) | பாதிப்பு மிகக் குறைவு |
| இந்திய அரசுப்பணி, பொதுத்துறை | பல்கலைக்கழகப் பட்டம், தேர்வு | பாதிப்பில்லை |

சிங்கப்பூரைப் பற்றி நம் பகுதியில் அடிக்கடி கேட்பதால் சற்று விளக்குகிறேன். 2023 செப்டம்பர் முதல் அங்கே, பட்டதாரிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியின் புதிய விண்ணப்பங்களுக்குப் புள்ளி முறை வந்திருக்கிறது. 40 புள்ளிகள் எடுத்தால் தேறலாம். கல்வித் தகுதிக்கு, அரசு வைத்திருக்கும் உயர்தர நிறுவனப் பட்டியலில் கல்லூரி இருந்தால் 20 புள்ளிகள், மற்ற சரியான பட்டங்களுக்கு 10. பாடப்பிரிவின் அங்கீகாரத்துக்குத் தனிப்புள்ளி கிடையாது. ஏபெட் இருந்தால் சிங்கப்பூரில் எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

## வகுப்பறைக்குள் என்ன மாறுகிறது

வெளிநாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அங்கீகாரத்துக்கு மதிப்பு உண்டா? நான் உண்டு என்பவன். ஆனால் அளவோடு.

என்.பி.ஏ. ஆய்வுக்குக் கல்லூரி 1,000 மதிப்பெண்ணுக்குச் சுய மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். ஆசிரியர்-மாணவர் விகிதம், ஆசிரியர்களின் தகுதி, அவர்கள் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்கள், மாணவர் தேர்ச்சி, ஆய்வக வசதி எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவன் எதைச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, வினாத்தாளையும் அதற்கேற்ப அமைத்து, எங்கே குறைந்தது என்று அடுத்த ஆண்டு திருத்த வேண்டும். மனப்பாடத்தை மட்டும் அளந்த தேர்வுகளைப் பார்த்துச் சலித்தவன் நான். இந்த ஒழுங்கு முறையாகப் பின்பற்றப்பட்ட இடத்தில் பிள்ளைகள் மாறியதைக் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த கடைசல் எந்திரம் ஆய்வுக் குழுவுக்காகப் பழுதுபார்க்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தொகுதி மாணவர்களும் அதில் வேலை செய்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒரு கல்லூரியில் இளம் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் கோப்புத் தயாரிப்பதிலேயே மூழ்கி, பாடம் நடத்தும் நேரம் குறைந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். தாளில் எல்லாம் பொருந்தியிருந்தது, வகுப்பில் ஆசிரியர் இல்லை. அதனால்தான், சான்றைப் பார்த்த பிறகு ஒரு வேலைநாளில் கல்லூரிக்குப் போய் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் பேசுங்கள் என்கிறேன். "சென்ற வாரம் ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும்.

நம் ஊரின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வு மையம் 1953இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1952இல், அவர் பெயரிலான பொறியியல் கல்லூரி தொடங்கியது. என்.பி.ஏ. பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நல்ல பொறியாளர்கள் உருவானார்கள். காரைக்குடியில் இருப்பவருக்கு அந்தப் பெயரே போதும். மெல்போர்னிலோ குவைத்திலோ மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்தத் தூரத்துக்காகத்தான் சான்று வேண்டியிருக்கிறது. அருகில் உள்ள அரசுக் கல்லூரியோ, உதவி பெறும் கல்லூரியோ, தொலைவில் உள்ள தனியார் கல்லூரியோ, எதுவானாலும் பிரிவின் அங்கீகார நிலையை என்.பி.ஏ. இணையதளப் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

## சேரும் முன் கேட்பது, முடித்தபின் வைத்துக்கொள்வது

எந்தப் பிரிவுக்கு, எந்த அடுக்கில், எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இதுவரை எத்தனை முறை இடைவெளியில்லாமல் புதுப்பித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று சுற்றுகள் தொடர்ந்து பெற்றிருந்தால் உங்கள் பிள்ளை முடிக்கும் ஆண்டிலும் இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்பதை அங்கீகாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதிய பிரிவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். குறைந்தது இரண்டு தொகுதி மாணவர்கள் பட்டம் பெற்ற பிறகே ஒரு பிரிவை என்.பி.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும். நான்கு ஆண்டுப் படிப்பில் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தால்தான் இரண்டாம் தொகுதி வெளியே வரும். செயற்கை நுண்ணறிவுப் பிரிவு மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்ட கல்லூரியில் அந்தப் பிரிவுக்கு இன்று அங்கீகாரம் இருக்க வழியில்லை.

பட்டம் பெற்றபின், அந்த ஆண்டுக்குப் பொருந்தும் அங்கீகாரக் கடிதத்தின் நகல், முத்திரையிட்ட பாடத்திட்டம், பருவவாரி மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கிவிடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்டால் அலுவலகத்தில் அப்போது இருந்தவர் இருக்கமாட்டார். மலாயாக் கணக்குப் பேரேடுகளை மூன்று தலைமுறையாகப் பெட்டகத்தில் வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. அதே பெட்டகத்தில் இந்தக் கோப்புக்கும் இடம் கொடுங்கள்.

## அந்த மூன்று குடும்பங்கள்

தேவகோட்டைக்காரரிடம், சிவிலுக்கு என்.பி.ஏ. உள்ள பிரிவைத் தவிர வேறு எதையும் விருப்பப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டாம் என்றேன். முதல் அடுக்கு கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் இரண்டாம் அடுக்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டுவதாக வைத்திருந்த முன்பணத்தை அவர் நிறுத்திவிட்டார்.

புதுவயல் பெண்ணின் தந்தைக்கு, அங்கீகாரத்தை மறந்துவிட்டு ஆசிரியர்களையும் கட்டணத்தையும் பாருங்கள் என்று சொன்னேன். அவள் போகும் வழியில் இந்தச் சான்றைக் கேட்பவர் யாரும் இல்லை. அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கிடைக்கும் சலுகைதான் அவர்களுக்கு இப்போது பெரிய விஷயம்.

கானாடுகாத்தான் பையன் என் முன்னாலேயே கைப்பேசியை எடுத்துத் தனக்குப் பிடித்த தன்னாட்சிக் கல்லூரியின் அலுவலகத்தை அழைத்தான். மின்னியலுக்கு அங்கீகாரம் இருக்கிறது, முதல் அடுக்கு என்றார்கள். எந்தத் தேதி வரை என்று கேட்டான். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. கோப்பைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன தேதி, அவன் மூன்றாம் ஆண்டு முடிக்கும் ஜூன் மாதம். புதுப்பிக்க எப்போது விண்ணப்பிப்பீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டான். திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆச்சியும் உடன் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.